தூங்குற பிள்ளையைப் பாலுக்கு எழுப்பினீங்களா? உங்க வீட்டு ராத்திரியைச் சொல்லுங்க

கரூர்க்காரி:
முதல்ல என் கதை. பையனுக்கு இப்போ ஏழு மாசம். பிறந்த அஞ்சாம் நாள் ராத்திரி பத்து மணிக்குக் குடிச்சவன், விடியக்காலை நாலரை வரைக்கும் அசையல. வீட்டுல எல்லாருக்கும் பூரிப்பு. "பச்ச உடம்புக்காரியைப் படுத்தாத தங்கமான பிள்ளை"ன்னு அத்தை திருஷ்டி சுத்திப் போட்டாங்க. எனக்கு மார் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு, நைட்டியெல்லாம் நனைஞ்சு, படுக்கவும் முடியல. எழுப்பலாம்னு கையைக் கொண்டுபோனா, "பசிச்சா தானா அழும், விடு"ன்னாங்க.

ஏழாம் நாள் செக்கப். பிறந்தப்போ 2.9 கிலோ, அன்னைக்கு 2.55. முதல் சில நாள்ல கொஞ்சம் எடை இறங்குறது சகஜம்தான், ஆனா பத்து சதவீதத்தைத் தாண்டினா கவனிக்கணும்னாங்க டாக்டர். நெஞ்சை விரலால அழுத்தி எடுத்தா அந்த இடம் மஞ்சளாத் தெரிஞ்சது. ரத்தம் எடுத்துப் பாத்ததுல பிலிருபின், அதாவது ரத்தத்துல இருக்கிற மஞ்சளோட அளவு, 19. அப்புறம்தான் விளக்கினாங்க: மஞ்சள் ஏறினா பிள்ளை அசந்து தூங்கும், தூங்கினா குடிக்காது, குடிக்கலைன்னா மலம் சரியாப் போகாது. மஞ்சள் வெளியேறுறதே பெரும்பாலும் மலத்துலதான். போகாம தங்கினா திரும்ப ரத்தத்துக்கே ஏறும். நாங்க சமத்துன்னு கொண்டாடின தூக்கம் அதுதான்.

ரெண்டு நாள் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில போட்டாங்க. பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி மூணு மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது, ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவை குடிக்கணும்னு உத்தரவு. பிறந்த எடையை அவன் எட்டிப் பிடிக்க பதினாறு நாள் ஆச்சு. அதுவரைக்கும் அத்தையேதான் அலாரம் வச்சு என்னை எழுப்பினாங்க, அதையும் சொல்லணும்.

அலாரம் அம்மா:
என் கதை நேர் எதிர். என் பொண்ணு 3.4 கிலோ, பத்தாம் நாளே அந்த எடையைத் தாண்டிட்டா. ஆனா யாரோ ரெண்டு மணி நேரக் கணக்கு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு பத்து வாரம் வரைக்கும் அலாரம் வச்சு எழுப்பினேன். ராத்திரி ஒண்ணு, மூணு, அஞ்சு. அவ முகத்தைத் திருப்பி அழுவா, நானும் கூட உக்காந்து அழுவேன்.

தடுப்பூசிக்குப் போனப்போ எடை பாத்த கிராம நர்ஸ் அக்கா சிரிச்சுட்டாங்க. "வாரம் இருநூறு கிராம் ஏறுது, துணியும் நனைஞ்சுக்கிட்டே இருக்குங்கிற. எதுக்கும்மா அவளையும் கெடுத்து நீயும் கெடுற?" அன்னைக்கு அலாரத்தை நிறுத்தினேன். அவ அஞ்சு மணி நேரம் தூங்கினா. நான் தூங்கல. மூச்சு விடுறாளான்னு நாலு தடவை மூக்குல விரல் வச்சுப் பாத்தேன்.

ரெட்டைக்கு அப்பா:
ஆம்பளை பேசலாமா இங்க? ரெண்டும் பையன், 35 வாரத்துல பிறந்தாங்க. பெரியவன் 2.3, சின்னவன் 1.9. பெரியவன் பசிச்சா தெருவையே எழுப்புவான். சின்னவனுக்கு அழவே தெம்பு இல்ல. எடை கம்மியான பிள்ளைக்கு நேரம் தவறினா ரத்தத்துல சர்க்கரை இறங்கிடும், அழுகைக்குக் காத்திருக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. அவங்க அம்மா பீய்ச்சிக் கொடுப்பாங்க, நான் பாலாடையில சின்னவனுக்குச் சொட்டுச் சொட்டா ஊத்துவேன். அவன் விழுங்குற வரைக்கும் காத்திருந்து அடுத்த சொட்டு. ஒரு வேளை முடிய முக்கால் மணி நேரம்.

ஒரு ராத்திரி இருட்டுல பெரியவனுக்கே ரெண்டு தடவை கொடுத்துட்டேன். மறுநாள் சின்னவனுக்குச் சிவப்பு அரைஞாண், பெரியவனுக்குக் கறுப்பு.

நெல்லை ஆச்சி:
எங்க காலத்துல கடிகாரம் பாத்து யாரும் கொடுக்கல. பிள்ளை பக்கத்துலயே கெடக்கும், வாயைச் சப்பும், கையைச் சூப்பும், அழுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். அதுக்காக எல்லாம் சரியாப் பண்ணோம்னு சொல்லமாட்டேன். பால் கொடுத்துக்கிட்டே ஒருதரம் கண் அசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா பிள்ளை மூக்கு என் நெஞ்சுல அமுங்கிக் கெடக்கு. இன்னைக்கு நெனைச்சாலும் வயித்தைக் கலக்குது. எம்மவளுக்கு இப்போ அதை மட்டும்தான் சொல்லுதேன்: ராத்திரி தூக்கம் சொக்குச்சுன்னா ஆளைக் கூப்பிடு, ஒத்தைல உக்காராத.

இன்னொண்ணு, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிட்டா பிள்ளை நாலு மணி நேரம் தூங்கும். அதுக்கு முன்னாடியும் பால் கொடு, தூக்கம் நீண்டா எழுப்பியும் கொடு. பகல் பசியை ராத்திரி சேத்து வசூல் பண்ணிரும்.

புது அம்மா, 9 நாள்:
இதையெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. என் பொண்ணு குடிச்சு மூணரை மணி நேரம் ஆச்சு, எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்குறா. என்ன பண்றது?

கரூர்க்காரி:
சுத்தின துணியை முதல்ல அவுத்து விடுங்க, கதகதப்பா இருந்தா எந்தப் பிள்ளையும் எந்திரிக்காது. டயாப்பர் மாத்துங்க. நிமிர்த்திப் பிடிச்சு முதுகைத் தேய்ங்க, உள்ளங்காலை லேசாச் சுண்டுங்க. உங்க நெஞ்சோட தோல் படப் படுக்க வச்சு, ரெண்டு சொட்டுப் பாலை உதட்டுல தடவிப் பாருங்க. குடிக்கும்போதே தூங்கிட்டா அந்தப் பக்கம் எடுத்து ஏப்பம் விட வச்சு மறுபக்கம் போடுங்க. தண்ணி தெளிக்காதீங்க. இன்னைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா? ஆறுக்குக் குறையக் கூடாது. இவ்வளவும் பண்ணியும் துவண்டு கெடந்தா, சப்பவே இல்லைன்னா, கண்ணு மஞ்சளா இருந்தா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வண்டி இல்லைன்னா 108.

புது அம்மா, 9 நாள்:
காலைச் சுண்டினதும் முழிச்சு என்னை முறைச்சா. ரெண்டு பக்கமும் குடிச்சா, நல்லா சத்தமா விழுங்கினா. சாயந்திரத்துலேர்ந்து எண்ணிப் பாத்தேன், அஞ்சு டயாப்பர், காலைலது தனி. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, எடை நாளைக்குப் போய்ப் பாக்கிறேன். அவ திரும்பத் தூங்கிட்டா அக்கா. எனக்குத்தான் இப்போ வரல.