தலாத் ஹர்பும் மிஸ்ர் வங்கியும்: 1939இல் நடந்தது என்ன?

கேள்வி – மண்டபத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மீனவர் சேமிப்புக் குழுவின் கணக்கை ஆறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். நூறும் இருநூறுமாகச் சேரும் பணத்தைக் கொண்டு எங்களுக்கென்று ஓர் ஐஸ் கம்பெனி கட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எகிப்தின் தலாத் ஹர்ப் பாஷாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அந்த ஆசையினால்தான். பஞ்சையும் நிலத்தையும் தவிர வேறெதிலும் காசு போடாத செல்வந்தர்கள் நிறைந்த நாட்டில், 1920இல் 80,000 எகிப்திய பவுண்டு மூலதனத்தில் அவர் மிஸ்ர் வங்கியை (அரபியில் மிஸ்ர் என்றால் எகிப்து) தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்குள் நூற்பாலை, அச்சகம், கப்பல், விமானம் என்று அந்த வங்கி வளர்ந்தது. 1927இல் மீன்பிடி நிறுவனம் ஒன்றையும் அது தொடங்கியது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

எனக்கு இரண்டு ஐயங்கள். நிலத்தையே நம்பியிருந்தவர்களை அவர் எப்படிப் பங்கு வாங்க வைத்தார்? இவ்வளவு சொத்துள்ள வங்கி, 1939 செப்டம்பரில் தன்னை உருவாக்கியவரையே வெளியே அனுப்பும் நிலைக்கு எவ்வாறு வந்தது?

மறுமொழி – கீழக்கரையிலிருந்து

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு விடை காண 1907க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு எகிப்தில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டு, நிலத்தின் மீதும் பங்குகளின் மீதும் ஊகத்தில் போடப்பட்ட பணம் கரைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னையில் மக்களின் வைப்புப் பணத்தை வைத்திருந்த ஆங்கிலேயரின் ஆர்பத்நாட் நிறுவனம் விழுந்து, அந்த வேதனையிலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அங்கும் இங்கும் மக்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நம் பணம் அந்நியர் கையில் இருக்கும்வரை, நெருக்கடி வரும்போது நம்மைப் பற்றிக் கவலைப்பட யாரும் இருக்க மாட்டார்கள். எகிப்தின் தேசிய வங்கி என்று பெயர் கொண்டு 1898இல் தொடங்கப்பட்ட வங்கியும் பெயரளவிலேயே தேசிய வங்கி. அதன் முதலும் நிர்வாகமும் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் இருந்தன.

தலாத் ஹர்ப் 1867இல் கெய்ரோவில் பிறந்து, சட்டம் படித்து, அரச குடும்பத்து நிலங்களை நிர்வகித்த அலுவலகத்தில் பணியாற்றியவர். ஆகவே நிலப்பிரபுக்களின் வரவையும் கடனையும் உள்ளிருந்து பார்த்தவர். சூயஸ் கால்வாய் நிறுவனத்தின் உரிமைக் காலத்தை நீட்டிக்கும் திட்டம் 1910இல் வந்தபோது அதை எதிர்த்து எழுதினார். எகிப்தியப் பேரவையும் அத்திட்டத்தை நிராகரித்தது. மறு ஆண்டே எகிப்தியருக்கான வங்கி ஒன்று வேண்டும் என்று விரிவாக எழுதினார். பிறகு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1919இல் ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சி நாட்டையே உலுக்கியது. அதே காலத்தில் பஞ்சு விலை உச்சத்துக்குப் போய் நிலவுடைமையாளர் கையில் ரொக்கம் புரண்டது. உணர்ச்சியும் பணமும் ஒருசேர வந்த அந்த வேளையில்தான், பங்கு ஒன்று 4 பவுண்டு என்று 20,000 பங்குகளை எகிப்தியருக்கு மட்டுமே விற்றார். கணக்குகள் அரபு மொழியில் எழுதப்பட்டன. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வங்கிக் காகிதங்களைப் பார்த்துப் பழகிய வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்திருக்கும்!

அவர் தனி ஆளாக இதைச் செய்யவில்லை. நிறுவனர்களில் ஒருவரான யூசுப் கத்தாவி பாஷா கெய்ரோவின் யூத சமூகத்தைச் சேர்ந்தவர். பின்னர் அச்சமூகத்தின் தலைவராகவும், 1924இல் நாட்டின் நிதி அமைச்சராகவும் ஆனவர். கத்தாவி குடும்பமும் பிறரும் நடத்திய கோம் ஓம்போ நில நிறுவனத்தில் பணியாற்றியே ஹர்ப் பெருந்தொழிலை நடத்தும் விதத்தைக் கற்றார். மதப்பற்று மிகுந்த ஒரு முஸ்லிமும் ஒரு யூதப் பெருமகனும் சேர்ந்து கட்டிய நிறுவனம் அது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிய வேண்டும்.

மறுமொழி – பரமக்குடியிலிருந்து

நம் மண்ணிலும் இதற்கு இணை உண்டு. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று பத்து லட்சம் திரட்டத் திட்டமிட்டது. சேதுபதி மரபில் வந்த பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக இருந்தார். அதை ஒடுக்க ஆங்கிலேய அரசே முன்நின்றது. மிஸ்ர் வங்கி பிறந்தபோது எகிப்தில் காற்று வேறு திசையில் வீசியது.

மண்டபத்திலிருந்து

மிக்க நன்றி, அண்ணன். என் இரண்டாவது கேள்விக்கும் தாங்கள்தான் விளக்கம் தர வேண்டும்.

மறுமொழி – கீழக்கரையிலிருந்து

தம்பி, அதற்கான விடை உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் உங்கள் குழுவில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரவு நின்றுவிடும், எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் சேமிப்பைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பணத்தை நீங்கள் படகு எஞ்சினுக்குக் கடனாகக் கொடுத்திருந்தால், எஞ்சின் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அன்றைக்கு அதைக் காசாக்க முடியாது.

ஜெர்மானிய வங்கிகளைப் போல, ஹர்ப் வைப்புதாரர் பணத்தையே தொழிலில் இறக்கினார். மஹல்லா அல்-குப்ரா நூற்பாலை அப்படித்தான் எழுந்தது. எகிப்தின் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைப் பகுதியான லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்த அவலத்தை மாற்றியது அந்த ஆலை. 1930இல் எகிப்து தன் சுங்க வரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைப் பெற்றதும் அது வேகமாக வளர்ந்தது. ஆனால் ஆலை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தரும் மரம். வைப்புத்தொகையோ கேட்ட அன்றே கொடுக்க வேண்டிய பணம். 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் வைப்புதாரர்கள் கூட்டமாக வந்து பணம் கேட்டனர். கைகொடுக்க வேண்டிய தேசிய வங்கி மறுத்தது. அரசு உதவ முன்வந்தபோது, ஹர்ப் விலக வேண்டும் என்பது விலையாக இருந்தது. வங்கி பிழைக்கட்டும் என்று அவர் விலகினார். ஹாபிஸ் அபீபி பொறுப்பேற்றார். ஈராண்டுக்குள், 1941 ஆகஸ்டில் ஹர்ப் மறைந்தார். அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நாளில் தொழிலுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்க எகிப்தியருக்கு வேறு வாசல் இல்லை. ஆனால் நமக்கு இன்று அந்தக் கட்டாயம் இல்லை.

மண்டபத்திலிருந்து

புரிந்தது, அண்ணன். தடைக்காலம் தொடங்குமுன் குழுவின் கூட்டம் வருகிறது. சேமிப்புக் கணக்கைத் தொடாமல், ஐஸ் கம்பெனிக்கென்று தனியே பங்குப் பணம் திரட்டலாமா, ஐந்தாண்டுக்கு எடுக்க முடியாது என்று எழுதி வாங்கலாமா என்று அங்கே கேட்கப் போகிறேன். அந்த நிபந்தனையை எப்படி எழுதுவது என்பதில் தங்கள் உதவி தேவைப்படும்.