மத உரிமைச் செய்தி எழுதும் நிருபருக்கு உதவணும்: எப்படிக் கொடுத்தால் அவருக்குச் சிக்கல் வராது?

கல்மண்டபம்_வாசகர்:
ஜெபக்கூடத்துக்கு சீல், மசூதி ஒலிபெருக்கித் தகராறு, "இந்தத் தெருவுக்குத் தேர் வராது" என்கிற பிரச்னை. ராயபுரம், காசிமேடு பக்கம் இதையெல்லாம் பொறுமையாக விசாரித்து எழுதும் நிருபர் ஒருவர் இருக்கிறார். யூடியூப் செய்தி சேனல் ஒன்றுக்கும் செய்து தருகிறார். நிலையான சம்பளம் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போடலாம் என்றிருக்கிறோம். வெளிநாட்டு நண்பர்கள் இரண்டு பேரும் தருகிறார்களாம். பணம் தவிர வேறென்ன செய்யலாம்?

வரவு_செலவு:
முதலில் அந்த இரண்டு நண்பர்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர் (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமகன்) என்றால் 500 ரூபாயும் வெளிநாட்டுப் பணம்தான். 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டம், 3-ஆம் பிரிவு: பதிவான பத்திரிகையின் நிருபர், ஆசிரியர், கார்ட்டூனிஸ்ட் யாரும் அதை வாங்கக்கூடாது. மின்னணு வழியில் செய்தி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றின் நிருபர்களுக்கும் இதே தடை. மீறினால் 5 ஆண்டு வரை சிறை. செய்த வேலைக்கான கூலிக்கு 4-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் வேலையும் பில்லும் நிஜமாக இருக்கணும். ஜிபேயில் "அன்பளிப்பு" என்று குறித்துவிட்டு, அப்புறம் கூலி என்றால் எடுபடாது.

உங்கள் கணக்கிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 10 பேர், 500 ரூபாய், 12 மாதம்: 60,000. உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு நிதியாண்டில் 50,000-ஐத் தாண்டினால், மிஞ்சிய 10,000 மட்டுமல்ல, மொத்தமும் அவர் வருமானத்தில் சேரும். மாதம் 400 போடுங்கள், வேறு யாரும் தராவிட்டால் 48,000-இல் நிற்கும்.

பாரிமுனை_கறுப்புக்கோட்டு:
பணத்தைவிட வக்கீல் முக்கியம். வழக்கு வந்த பிறகு தேடாதீர்கள், இப்போதே ஒருவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இந்த மாதிரிச் செய்திகளுக்குப் போடுவது பெரும்பாலும் பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 196, 299: பிரிவினரிடையே பகை மூட்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது. இரண்டும் ஜாமீனில் விடமுடியாத பிரிவுகள் என்றதும் பயந்துவிடுகிறார்கள். தண்டனை 7 ஆண்டுக்குள் என்பதால், கைதுக்கு அவசியம் இல்லாவிட்டால் பிஎன்எஸ்எஸ் (குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3)-இன்படி விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸ்தான் தரணும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வந்ததை அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுக்கணும். நேரில் தந்த நோட்டீஸுக்குப் போகாமல் இருந்தால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். இந்த இரண்டு பிரிவிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்கமுடியாது (பிஎன்எஸ்எஸ் 217). போலீஸ் போனைப் பறிமுதல் செய்ய வந்தால், பிஎன்எஸ்எஸ் 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாகணும்.

ராத்திரி_டெஸ்க்:
வீட்டு ஜெபக்கூடத்தின் படத்தில் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பார்கள். வாசலில் ஈபி மீட்டர் எண், கதவு எண், பக்கத்துக் கடை போர்டு எல்லாம் தெளிவாகத் தெரியும். "இரண்டாம் மாடி, கீழே ஐஸ் கடை" என்று எழுதினாலே காசிமேட்டில் யார் வீடென்று தெரிந்துவிடும். வெளியிடும் முன் அந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துச் சொல்ல, தெருவை அறிந்த ஒருவர் தேவை. அது உங்களால் முடியும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடம், நேர விவரம் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். வெளியிடக் கழன்ற பிரதி. கோர்ட்டுக்கு மூலக் கோப்பு, அதன் ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரி எண்). சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆகவே பாஸ்வேர்டு பூட்டு போட்ட ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று அவர் வீட்டில் இருக்கக்கூடாது.

ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனுவையும் உங்கள் பெயரில் போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். "ஏன் சீல் வைத்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. "சீல் உத்தரவின் நகல், அதற்கு முன் தந்த நோட்டீஸின் நகல், புகார் மனுவின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

கல்மண்டபம்_வாசகர்:
ரொம்ப நன்றி. பணம் தருவதால், வெளியிடும் முன் கட்டுரையை எங்களுக்குக் காட்டச் சொல்லலாமா?

ராத்திரி_டெஸ்க்:
கூடாது. நான் மேலே சொன்னது படத்துக்கும் அடையாள விவரத்துக்கும் மட்டும். உங்கள் பத்துப் பேரில் ஒருவர் அந்த ஜெபக்கூடக் கமிட்டியிலோ தேர்க் கமிட்டியிலோ இருந்தால், அந்தச் செய்தி வரும் மாதம் அவர் பணம் போடாமல் இருக்கட்டும். முன்பே போட்டிருந்தால் கட்டுரையின் அடியில் அதை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.