ஈரல்ல வைரஸ் எண்டு தெரிஞ்சதுல இருந்து தம்பி யாரோடயும் கதைக்கிறானில்ல

களுதாவளை அக்கா:
வணக்கம், இதை எங்க கேக்கிற எண்டு தெரியாம இங்க போடுறன். தம்பிக்கு 28 வயசு, கட்டார் போக மெடிக்கல் செய்யக்குள்ள ஹெபடைட்டிஸ் பி பொசிட்டிவ் எண்டு அன்ஃபிட் போட்டுட்டாங்க, ஏஜென்சிக்கு கட்டின காசும் போச்சு, பேசி வச்சிருந்த கலியாணமும் நிண்டு போச்சு. கிளினிக்ல ஈரல் இப்ப நல்லா இரிக்கு, குளிசை தேவையில்ல, 6 மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் சோதிச்சா காணும் எண்டு சொன்னாங்க. ஆனா இவன் படுத்த பாய விட்டு எழும்புறானில்ல, வயல் பக்கம் போறானில்ல, சாப்பாடு ரெண்டு வாய், ராவெல்லாம் முழிப்பு. அம்மா பயத்துல அவனுக்கு கோப்பை தனி, கிளாஸ் தனி. அப்பா சோம்பேறி எண்டு ஏசுறார். இது ஈரலால வாற களைப்பா, மனசா?

வாவிக்கரை:
ரெண்டும் இரிக்கலாம் அக்கா. எனக்கும் பி தான், ரிப்போட் எல்லாம் நோர்மல் எண்டாலும் சில நாள் அடிச்சுப் போட்டமாதிரி கிடக்கும். முதல் அந்தத் தனிக் கோப்பைய எடுங்க, ஊட்டுக்குள்ளயே தள்ளி வச்சா யாருக்குத்தான் எழும்ப மனம் வரும். ஒண்டா சாப்பிட்டு தொத்துற வருத்தம் இல்ல இது. ரத்தத்தால, உடலுறவால, பிள்ளை பெறக்குள்ள தாயிட்ட இருந்து பிள்ளைக்கு, அப்பிடித்தான் வரும். சேவ் எடுக்கிற பிளேட், பல் பிரஷ், நகவெட்டி தனியா இருந்தா காணும். நீங்க எல்லாரும் ரத்தம் சோதிச்சு, தேவையான ஆக்கள் தடுப்பூசி 3ம் போடுங்க, அம்மாட பயமும் குறையும். கட்டப்போற பொம்பிளையும் ஊசி போட்டா கலியாணத்துக்கும் தடை இல்ல. நான் கட்டி பிள்ளையும் இரிக்கு.

மச்சான்77:
கீழ்க்காய் நெல்லி அரைச்சு வெறும் வயித்துல குடுங்க, எங்கட மாமாக்கு செங்கமாரி (மஞ்சள் காமாலை) அதுலதான் மாறின.

வாவிக்கரை:
மச்சான், செங்கமாரி கன பேருக்கு தன்பாட்டுல மாறுறதுதானே. இது வருசக் கணக்கா உள்ளுக்க இரிக்கிற வைரஸ். என்ன போட்டுக் காச்சின எண்டு தெரியாத கசாயம் ஈரல இன்னும் பழுதாக்கும். சாராயமும் அப்பிடித்தான், கவலைக்கு எண்டு தொட விடாதீங்க அக்கா.

நிந்தவூர் ராத்தா:
வார்ட்ல வேலை செய்த அனுபவத்துல செல்லுறன். ரெண்டு கிழமைக்கு மேல ஒண்டுலயும் விருப்பமில்லாம, நித்திரை சாப்பாடு இல்லாம கிடந்தா அத சோம்பல் எண்டு உடப்படாது, மனச்சோர்வா எண்டு டொக்டர் பாக்கோணும், மருந்து இரிக்கு, மாறும். முந்தி ஈரல் வைரஸுக்கு இன்டர்பெரோன் ஊசி போடக்குள்ள சில பேருக்கு அந்த ஊசியாலயே மனசு உழுந்து போகும், அதுதான் ஆக்கள் இன்னும் பயப்படுற. இப்ப குடுக்கிற டெனோபோவிர், என்டெகாவிர் குளிசை அப்பிடி இல்ல, ஆனா தொடங்கினா தன் எண்ணத்துக்கு நிப்பாட்டவும் கூடாது. மனசுக்கு மருந்து எழுதக்குள்ள ஈரல் விசயத்த கட்டாயம் செல்லுங்க, அதுக்கேத்த மருந்தும் அளவும் பாத்துத்தான் குடுப்பாங்க.

இன்னொண்டு, சாகோணும் எண்ட நினைப்பு வருதா எண்டு நேராக் கேளுங்க. கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. வயலுக்கு அடிக்கிற மருந்து ஊட்டுல இரிந்தா இண்டைக்கே வேற இடத்துல வச்சிப் பூட்டுங்க. இலங்கையில 1926 மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுக்கலாம்.

களுதாவளை அக்கா:
மருந்துப் போத்தல் குசினிக்குப் பின்னால சும்மாதான் கிடந்த, இப்பதான் பெரியப்பாட ஊட்ட குடுத்து விட்டன். மனநல கிளினிக் எண்டா வரமாட்டான் ராத்தா, என்னை விசரனாக்கப் போறியா எண்டு சண்டைக்கு வருவான்.

நிந்தவூர் ராத்தா:
அப்ப ஈரல் கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்க. உள்ளுக்க டொக்டரிட்ட நித்திரையும் இல்ல சாப்பாடும் இல்ல எண்டு மட்டும் செல்லுங்க, அவர் கேட்டுப் பாத்து கிளினிக் கொப்பியில எழுதி அனுப்புவார், டொக்டர் செல்லி போனா அவனுக்கும் பெரிசாத் தெரியாது. தவணைக்கு நாள் கிடந்தா பாத்துக்கொண்டிரிக்காம ஓபிடியில காட்டுங்க.