பலகையில் இருக்கும் கொள்கை, களத்தில் எங்கே இடிக்கிறது? (நகரி, சித்தூர், குப்பம் அனுபவங்கள்)

ஆய்வக வாசலில் 'எங்கள் நோக்கம்', 'பங்கேற்பாளருக்கு மரியாதை', 'நேர்மை' என்று பலகை மாட்டியிருக்கும். ஆந்திர எல்லை ஊர்களில் ஆய்வுக்கு ரத்தம் எடுக்கப் போகிறவர்கள், அந்த வார்த்தைகள் எந்த வேலையில் சோதனைக்கு வருகின்றன என்று எழுதுங்கள். வந்த பதில்கள் இவை.

களப்பணி, நகரி

ஒப்புதல் படிவத்திலேயே இடிக்கும். தறிக்காரர் வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. சரளமாகத் தமிழ் பேசுகிறாரே என்று தமிழ்ப் படிவத்தை நீட்டினால், வாசிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். "எந்த எழுத்து வாசிப்பீங்க?" என்று முதலில் கேளுங்கள். தெலுங்குப் படிவத்தைக் கையில் கொடுத்து, தமிழில் விளக்குவதுதான் இங்கே பெரும்பாலும் சரிப்படும்.

இன்னொன்று: 'ஆராய்ச்சி' என்றாலும் காதில் 'டெஸ்ட்' என்றுதான் விழும். "இது உங்க வைத்தியத்துக்கு இல்லீங்க, நோயைப் பத்தித் தெரிஞ்சுக்க. வேண்டாம்னா வேண்டாம்" என்பது முதல் வாக்கியமாக வரணும். வாசிக்கத் தெரியாதவர் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் விளக்கும்போது கூடவே இருக்கணும். கைநாட்டோடு அவர் கையெழுத்தும் வேண்டும். வண்டி டிரைவரைச் சாட்சி போட வைப்பது சாட்சியே இல்லை.

லேப் டெக்னீஷியன்

நகரி அக்கா சொன்ன மரியாதை ஊசியை எடுத்ததும் முடிவதில்லை. சாம்பிள் கெட்டால் அவர் கொடுத்த ரத்தம் வீண், திரும்பவும் குத்தணும்.

குழாய்களில் ரத்தம் நிரப்பும் வரிசை: சிவப்பு மூடி, ஊதா மூடி, கடைசியில் சாம்பல் மூடி. ரத்தம் உறையாமல் இருக்க ஊதாவில் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. துளி சிவப்புக்குள் போனாலே பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். சிவப்பில் அளவு குறைகிறது என்று ஊதாவிலிருந்து ஊற்றி நிரப்புகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு எண்களும் காட்டிக் கொடுத்துவிடும். ஊதாவை 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். சர்க்கரை பார்க்கச் சாம்பல் மூடிதான். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் விட்டால் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், மே மாத வெயிலில் இன்னும் வேகமாக.

சிவப்பை 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் 1500 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றணும், மேலே தெளிவதுதான் சீரம். ஜி (விசை) வேறு, ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) வேறு, குழாயைப் பிடித்துச் சுழலும் ரோட்டர் மாறினால் கணக்கும் மாறும். சுற்றாத ரத்தத்தை ஐஸில் வைத்தால் செல்லிலிருந்து பொட்டாசியம் கசியும். அதனால் சென்ட்ரிஃபியூஜ் ஊருக்கே போகணும், கரண்ட் போனால் ஓட்ட இன்வெர்ட்டரோடு.

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு குழாய் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் ரத்தம் ஐஸாக உறைந்து செல் உடையும், சீரம் ரோஸ் மில்க் மாதிரி வரும். பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கணும். அப்புறம்தான் பெட்டிக்குள்.

பதிவேடு பார்ப்பவர்

'நேர்மை'க்கு ஃப்ரீசர் வெப்பநிலை நோட்டைத் திறந்தால் போதும். முப்பது நாளும் -80, -80 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. நிஜ ஃப்ரீசர் -76, -79, -81 என்று ஆடும். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. வைட்னர் மேஜையிலேயே இருக்கக் கூடாது.

சீரத்தை 0.5 மி.லி. வீதம் பிரித்து வையுங்கள். ஒரே குழாயை நாலு தடவை உருக்கி உறையவைத்து எடுத்த எண்ணை நம்ப முடியாது.

களப்பணி, நகரி

ரிசல்ட் விஷயத்தை விட்டுட்டோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11. எட்டுக்குக் கீழே (கர்ப்பிணிக்கு ஏழு) வந்தால் கடுமை. வாராந்திர ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போன். இதைச் செய்யாமல் இரண்டாம் சுற்றுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "போன தடவை எடுத்த ரத்தம் என்னாச்சு?" என்பார்கள்.

புதியவர், குப்பம்

போன் எடுக்கலன்னா ஊர்ல சுகாதார வேலை பாக்குற ஆஷா அக்காகிட்ட சொல்லி அனுப்பலாமாக்கா?

களப்பணி, நகரி

அனுப்பலாம் தம்பி. ஹீமோகுளோபின் எண்ணைச் சொல்லாதே. "லேப்புக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க", அவ்வளவுதான்.