காரில் கடகட சத்தமா? 'எப்போது வருகிறது' என்று முதலில் பாருங்கள்

வெளிநாடு வந்த புதிதில் நம்மில் பலர் வாங்குவது பழைய கார்தான். ஓட்டிப் பழகுவதற்குள் பானட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஏதோ கேட்டு வயிற்றைக் கலக்கும். பல நாடுகளில் ஒர்க்‌ஷாப் கூலி மணிக்கணக்கில்தான். சத்தத்தைக் கண்டுபிடிக்கவே தனியாகப் பணம் கேட்பார்கள். அதனால் போகும் முன், சத்தம் எப்போது வருகிறது என்று குறித்து வையுங்கள். ஸ்டார்ட் செய்ததுமா, சூடேறிய பிறகா, மேடு ஏறும்போதா, சிக்னலில் நிற்கும்போதா? வாயால் சத்தத்தைச் செய்து காட்டுவதைவிட மெக்கானிக்குக்கு இதுதான் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனமாக டொக் டொக்கென்று கேட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது வேகமெடுத்தாலோ, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ‘வீடு பக்கத்தில்தானே’ என்று ஓட்டாதீர்கள். ஆயில் அழுத்தம் போயிருந்தாலும், பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தாலும், அந்தக் கொஞ்ச தூரத்தில் இன்ஜினே போய்விடும்.

விளக்கு எரியாவிட்டாலும் ஆயில்தான் முதல் வேலை. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி முழுக்க நுழைத்து எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. கீழ்க்குறியையும் தாண்டி இறங்கியிருந்தால், இன்ஜினின் மேல்பக்கம் கேட்கும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேனுவலில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் குளிரில் மேலே ஏற நேரமாகும்.

அப்புறம், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சத்தமும் கூடவே ஏறினால் இன்ஜின் அல்லது சைலன்சர் பக்கம். வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சக்கரம், சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும். இதை வெட்டவெளியில் செய்யுங்கள். குளிருக்குப் பயந்து மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடவே விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் கரகரத்து ஓரிரு நொடியில் அடங்கினால், ஆயில் அழுத்தம் வரும்வரை டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்க உதவும் சங்கிலி) தளர்ந்து ஆடியிருக்கலாம். அந்த நேரம் நாளுக்கு நாள் நீண்டால் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். குளிரில் டிக் டிக்கென்று அடித்து, சூடேறியதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்த் தொகுதி) கசிவு இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது.

வீணாகப் பயமுறுத்துவது ஒரு தகடு. சைலன்சர் குழாயின் சூடு பரவாமல் இருக்க மெல்லிய தகடு போட்டிருப்பார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில், அதன் போல்ட்டைச் சுற்றித் துருப்பிடித்துத் தகடு தளர்ந்துவிடும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அதிரும், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நின்றுவிடும், இன்னும் கொடுத்தால் மறுபடி வரும். எல்லாம் ஆறிய பிறகு கையுறை போட்டுத் தட்டினால் அதே சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஒரு கிளாம்ப்பில் முடிகிற வேலை. இதற்குப் போய் சைலன்சரையே மாற்றச் சொன்னால், இன்னொரு இடத்திலும் கேட்டுவிடுங்கள். ஆனால் கலகலப்பு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ளிருந்து வந்தால், உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம். அது நல்ல செலவு.

மேடு ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோலக் கேட்டால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் இன்ஜினுக்குள் சரியாக எரியாமல் வெடிப்பது. ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) குறைந்த பெட்ரோல் அதற்கு ஒரு காரணம். பங்க்கில் உள்ள எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 87 என்று போட்டிருப்பது, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவின் கணக்கில் ஏறக்குறைய 91.

காலைச் சத்தம் என்றால் முந்தின நாள் மாலையே காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். சூடான இன்ஜினோடு போய் நின்றால் சத்தம் வரவே வராது. செலவை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் கார் வாங்காதவர்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.