நீர் இறங்கும் பேவர் பிளாக்: பயனா, வீண் செலவா?

மண்வெட்டி:
முன்றிலில் நீர் இறங்கும் பேவர் பிளாக் பதித்தால் மழைநீர் தெருவுக்கு ஓடாது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பார்த்த வாகன நிறுத்துமிடம் ஒன்றில் மூன்றாம் மழைக்காலத்திலேயே இடுக்கெல்லாம் பாசி; கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

ஜல்லிக்காரன்:
இடுக்கில் எதை நிரப்பியிருந்தார்கள்?

மண்வெட்டி:
மணல்தான். வேறென்ன போடுவார்கள்?

ஜல்லிக்காரன்:
கோளாறே அங்கேதான். இம்முறையில் பிளாக் எதையும் உறிஞ்சுவதில்லை. அது சாதாரண கான்கிரீட். தண்ணீர் இறங்குவது இடுக்கு வழியாக. அங்கே தூசி போகக் கழுவிய பொடி ஜல்லி போட வேண்டும். அடியிலும் மணல் மெத்தை கூடாது: முதலில் சிறு ஜல்லி, அதற்குக் கீழே பெரிய ஜல்லி. பெரிய ஜல்லியில் ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம்தான். 30 செ.மீ. கனத்துக்குக் கொட்டினால் தன்மேல் விழும் 12 செ.மீ. மழையை வாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்தது பழைய தரைதான். பெயர் மட்டும் புதிது.

மண்வெட்டி:
தரையளவே உள்ள கூரையின் நீரையும் அதில் விட்டால் உங்கள் 12 பாதியாகிவிடும். அடியில் களிமண் என்றால் அதுவும் இறங்க நாளாகும். அடுத்த மழைக்கு இடமிருக்காது.

ஜல்லிக்காரன்:
கூரைக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். களிமண்ணுக்கு ஜல்லியின் அடியில் துளையிட்ட குழாய் பதிப்பார்கள். உபரி நீர் வடிகாலுக்குத்தான் போகும், ஆனால் மெதுவாக. ஊரே ஒரே நேரத்தில் சாக்கடையில் கொட்டுவதால்தானே வெள்ளம்?

வாசற்படி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வளாகத்தில் முறையாகத்தான் பதித்தார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டம் ஒரு சாண் மேடு. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வந்து இடுக்குகளை மெழுகிவிட்டது. நாங்கள் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து அதை இன்னும் உள்ளே தள்ளினோம்! கடைசியில் உறிஞ்சு இயந்திரம் வைத்து, இடுக்கின் மேல் ஓரங்குல ஜல்லியை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினோம். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும் சளசளப்பு காதில் விழுந்தது.

மண்வெட்டி:
ஆண்டுதோறும் இந்தக் கூத்தை யார் செய்வது?

ஜல்லிக்காரன்:
சாக்கடை மட்டும் தானாகவா தூர்வாரிக்கொள்கிறது? தோட்டத்து ஓரம் ஒரு வரிசை ஓரக்கல் எழுப்பியிருந்தாலே பாதி வேலை மிச்சம்.

மண்வெட்டி:
சரி, கார்ச் சக்கரம் ஏறும் இரண்டு தடத்துக்கு மட்டும் பதித்துப் பார்க்கிறேன். மிச்சம் வெறும் மண்ணும் புல்லும்தான். அதற்கு உறிஞ்சு இயந்திரம் வேண்டாம்.

ஜல்லிக்காரன்:
வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிப் பதித்துவிடாதீர்கள்.