விக்கலுக்குச் சீனி: அள்ளிப் போடுவதா, கரைத்துக் குடிப்பதா?

கரிசல்காட்டான்:
விக்கல் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், உடனே நின்றுவிடும் என்று ஒருத்தர் இங்கே எழுத, ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரு டீஸ்பூன் வெறும் சீனியை அப்படியே வாயில் போட்டு விழுங்க வேண்டும். 1971இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கடிதத்தில் 20 பேருக்குக் கொடுத்து 19 பேருக்கு நின்றதாக எழுதினார்களே, அது கரைக்காத சீனி. கரைத்தால் அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

ஈரோட்டுத்தறி:
அந்த ஒருத்தர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மூச்சு விடாமல் ஏழு மிடறு தண்ணீர் குடித்தால் விக்கல் நிற்கும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். விக்கல் பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாகவே போய்விடும். சர்க்கரை கொடுக்காமல் இன்னொரு 20 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா உங்கள் இதழ்க்காரர்கள்?

கரிசல்காட்டான்:
கேட்டது அதில்லை. கரைப்பதா, கரைக்காமல் போடுவதா? உதரவிதானம் வெட்டி இழுக்கும்போது குரல்வளை படக்கென்று மூடிக்கொள்வதால் வருகிற சத்தம்தான் விக்கல். சீனி நறநறவென்று தொண்டையின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது அங்குள்ள நரம்புகள் தூண்டப்பட்டு அந்த இழுப்பு அறுபடுகிறது என்பதுதான் சொல்லப்படுகிற விளக்கம். கரைத்துவிட்டால் உரசல் எங்கிருந்து வரும்?

வெல்லமண்டி:
இரண்டு பேரும் வெள்ளைச் சர்க்கரைக்காகச் சண்டை போடுகிறீர்கள். நாட்டுச்சர்க்கரை வீட்டில் இல்லையா?

கரிசல்காட்டான்:
எந்தத் தலைப்பைத் திறந்தாலும் வந்து நாட்டுச்சர்க்கரை விற்காதீர்கள் அண்ணே. அது ஈரமாக இருக்கும், வாயில் வைத்ததும் கரையும்.

வெல்லமண்டி:
எங்கள் மண்டிச் சரக்கு கையில் ஒட்டாது, வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் தம்பி.

வார்டுஅக்கா:
நான் நர்ஸ். கைக்குழந்தைக்கு விக்கினால் சீனியையோ தண்ணீரையோ வாயில் ஊற்றிவிடாதீர்கள். தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விட வைத்தாலே போதும். பாட்டிகள் நூலை எச்சிலில் நனைத்து நெற்றியில் ஒட்டுவார்கள், ஒட்டட்டும், அதனால் கெடுதல் இல்லை. பெரியவர்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் விக்கல் நீடித்தால் வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

ஈரோட்டுத்தறி:
அக்கா சொல்வது சரி. அமெரிக்காவில் சார்லஸ் ஓஸ்போர்ன் என்பவருக்கு 1922இல் தொடங்கிய விக்கல் 1990 வரை நிற்கவில்லை. 68 வருஷத்தில் அந்த மனிதருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை கொடுக்க யாருக்குமா தோன்றியிருக்காது?

கரிசல்காட்டான்:
கரைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ஈரோட்டுத்தறி:
இவர் பேச்சைக் கேட்டு யாரும் எதையும் செய்யாதீர்கள். போன கோடையில் சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து வைக்கச் சொன்னவர் இவர்தான். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டும், முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும் என்று அக்கா எழுதினார். அதற்கு இவரிடமிருந்து இன்றைக்கு வரை பதில் இல்லை.

கரிசல்காட்டான்:
மூக்கைப் பற்றி இங்கே யார் பேசியது? பழைய கணக்கைத் தீர்க்க வந்தீர்களா? ஏழு மிடறு தண்ணீர் என்றீர்களே, அதில் மூச்சை அடக்குவதுதான் வேலை செய்கிறது, அப்புறம் சர்க்கரை எதற்கு? சர்க்கரைதான் வேலை செய்கிறது என்றால் தண்ணீர் எதற்கு? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

வார்டுஅக்கா:
சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்று இரண்டு பேரில் யாராவது யோசித்தீர்களா?

வெல்லமண்டி:
அதற்குத்தான் நாட்டுச்சர்க்கரை என்றேன்.

வார்டுஅக்கா:
அண்ணே, அதுவும் சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

வெல்லமண்டி:
இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வீர்கள்.

கரிசல்காட்டான்:
தலைப்பை மாற்றாதீர்கள். ஈரோட்டுத்தறி, கரைப்பதா, கரைக்காமல் போடுவதா? ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்.

ஈரோட்டுத்தறி:
முதலில் மூக்குக்குப் பதில் சொல்லுங்கள்.